கொத்தப் போன அம்மி

இரண்டு நாளாக எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை. ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய் எங்கேயோ உடைந்துவிட்டதாம். பாளையங்கோட்டையே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. மருமகள் யார் வீட்டுக் கிணற்றிலிருந்தோ எடுத்து வந்து உலை வைத்தாள். "எவ்வளவு நேரமா கொதிக்கு, பருப்பு கல்லு மாதிரி கெடக்கு அத்தே" என்றாள். ஒரு மடக்கு வாயில் ஊற்றிப் பார்த்தேன். உப்பு. நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐம்பது வருஷத்துக்கு முன் குடித்த தண்ணீரின் ருசி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் நாங்குநேரிக்காரி. குளத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு துறைமுக ஊருக்குப் போனேன். தோணிகள் வரும், உப்பும் கருவாடும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு கருப்பட்டிக் கடையில் வேலை பார்த்தார். அவர் பெயரை எழுதலாம் என்று பேனாவை வைத்தேன், கை வரவில்லை. வாயால் சொல்லியே பழக்கமில்லாதவள் எழுதி என்ன ஆகப்போகிறது! வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும்.

போன புதிதில் கருவாட்டு நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றும். பக்கத்து வீட்டுச் சிவகாமி மதினிதான் எலுமிச்சங்காயைக் கீறி மூக்கில் வைத்துவிடுவாள். "ஏட்டி, ஒரு மாசம் பொறு. பெறகு இந்த நாத்தம் இல்லாட்டா ஒனக்கு ஒறக்கம் வராது" என்பாள். அப்படித்தான் ஆயிற்று. மதினி என்றால் உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். அவள் புருஷன் ஆறுமுகம் அண்ணாச்சி தோணிகளுக்குக் கயிறும் பாயும் விற்றார். தெருவில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான்.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. மத்தியானம் முழுக்கக் காற்று. சாயங்காலம் கடல் தெருவுக்குள் நுழைந்தது. அலையாக வரும் என்று நினைத்திருந்தேன். அது வாசல் கோலத்தைக் கரைத்துக்கொண்டு பைய வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு ஏறிவிட்டது. தெரு முழுக்க அண்ணாச்சி வீட்டு மாடியில் ஏறித்தான் பிழைத்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பாதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. கிணறெல்லாம் கடல். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வீட்டுக்காரருடைய சித்தப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "பாதி வீட்ட ஒழிச்சு வச்சிருக்கேம்லே. வாழைத் தோட்டத்தப் பாத்துக்கிட ஆள் வேணும். பிள்ளத்தாச்சிய இங்கன வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?" என்றார். பிள்ளைத்தாய்ச்சி நான்தான். அந்த நிமிஷமே வண்டியில் ஏறி உட்கார எனக்கு ஆசை.

மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் தெருவே கூடியது. இருப்பதா, போவதா என்று பேச்சு. "கடல் நூறு வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும்" என்றார் ஒரு பெரியவர். "அது ஒம்மகிட்டச் சொல்லிட்டா வந்துச்சு?" என்று கருப்பட்டிக் கடை முதலாளி பாய்ந்தார். போய்விடுவதுதான் புத்தி என்பது அவர் கட்சி. அப்பம் சுட்டு விற்கும் முத்தம்மை, "எங்க போனாலும் எனக்கு அடுப்புதான். ஆனா அங்கன எவன் எங்கிட்ட அப்பம் வாங்குவான்?" என்று அழுதாள். அப்போது ஆறுமுகம் அண்ணாச்சி எழுந்தார்.

"ஒருத்தன் போனா அடுத்தவன் போவான். பெறகு தெருவே செத்துரும் வே. எங் கெணறு மேட்டுல இருக்கு. எல்லாரும் சேந்து எறைச்சா நல்ல தண்ணி ஊறும். நான் இருக்க வரைக்கும் அது தெருவுக்குக் கெணறு."

கற்பூரம் கொளுத்தினார்கள். போக மாட்டோம் என்று ஒவ்வொரு வீட்டு ஆம்பிளைகளும் அதை அடித்துச் சத்தியம் செய்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அடித்தார். சித்தப்பா வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். அழுதுகொண்டு நின்ற என் கையைச் சிவகாமி மதினி பிடித்துக்கொண்டாள். "நா இருக்கேம்லாட்டி. ஒம் பேறுகாலத்த நாம் பாக்கேன்."

கிணற்றை இறைத்தோம். ஆம்பிளைகள் கமலை போட்டு இறைத்தார்கள். பெண்கள் வாளி வாளியாகத் தூக்கித் தெருக்கோடியில் கொட்டினோம். கார்த்திகை முழுக்க இறைத்து, மார்கழியில் ஒரு காலை முத்தம்மை ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இனிக்கி!" என்று கத்தினாள். தெருவே ஓடி வந்து குடித்தது. எல்லோரும் சேர்ந்து அப்படிச் சிரித்து நான் பிறகு பார்க்கவில்லை.

தை மாதம் தண்ணீர் எடுக்கப் போனபோது மதினியின் அடுக்களையில் அம்மியைக் காணோம். இருந்த இடத்தில் நீளமாக ஒரு தடம்.

"அம்மி எங்க மதினி?"

"கொத்தக் குடுத்திருக்கேன் ஏட்டி. மொளகா அரைபடவே மாட்டேங்கு."

அதற்கென்ன, என் அம்மி இருக்கிறதே என்றேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்துதான் அரைத்தாள். வயிறு இடிக்கிறது என்று எனக்கும் சேர்த்து அரைத்துக் கொடுத்தாள். சித்திரையில் பிறக்கும், ஆம்பிளைப் பிள்ளைதான் என்று நடையைப் பார்த்துச் சொன்னாள்.

மாசியில் ஒரு நாள் காலை குடத்தோடு போகிறேன், அண்ணாச்சி வீட்டு வாசலில் நான்கு வண்டி நிற்கிறது. கடைசி வண்டியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிவகாமி மதினி. கூப்பிட்டேன். திரும்பவில்லை. அண்ணாச்சிதான் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பிள்ளைகளுக்குப் படிப்பு முக்கியம்லா வே. பாளையங்கோட்டையில ஒரு வீடு அமைஞ்சுது. நீங்க இருங்க, நா வந்து போய்க்கிட்டிருப்பேன்." அம்மி பாளையங்கோட்டைக்கு ஒரு மாதம் முந்தியே போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டை வாங்கியவர் ஓர் உப்பு வியாபாரி. அந்த வாரமே சுற்றி முள்வேலி போட்டார். மூட்டை அடுக்கும் கிட்டங்கியாயிற்று வீடு. கிணறு வேலிக்கு உள்ளே போயிற்று. மூட்டை சுமக்க ஆள் குடியிருக்கிற தெரு, நல்ல தண்ணீர்க் கிணறு, இரண்டும் இருந்தால்தான் வாங்குவேன் என்று புயல் அடித்த சூட்டோடேயே அவர் சொல்லியிருந்தாராம். கருப்பட்டிக் கடை முதலாளி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். கற்பூரம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்காரர் அன்று முழுக்கத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு ஓடினார். சித்தப்பா எவ்வளவு நாள் காத்திருப்பார்? வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார். இன்னும் ஒரு வருஷம் அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடந்தோம். சித்திரையில் ஆம்பிளைப் பிள்ளைதான் பிறந்தான். முத்தம்மை பார்த்தாள் பேறுகாலம். அடுத்த கோடையில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். தண்ணீரால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எங்கே இருந்தாலும் பிள்ளைகள் போனார்கள். ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வரும். அதற்குமேல் போகவிடமாட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்து நாங்களும் கிளம்பினோம். ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் சிவகாமி மதினி எதிரே வந்து நின்றாள். கழுத்து நிறைய நகை, கண் நிறையத் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நா சொல்லியிருப்பேன் ஏட்டி" என்றாள்.

"கேட்டேனே மதினி. அம்மி எங்கன்னு கேட்டேனே" என்றேன். கையை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன். என்ன பரிமாறினார்கள் என்று நினைவில்லை.

போன வருஷம், திருநெல்வேலிக்கு வந்தபின் பிறந்த மகன் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது நானும் காரில் தொற்றிக்கொண்டேன். தெரு இல்லை. பிள்ளையார் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை பாத்தி கட்டி உப்பு விளைகிறது. வேலை செய்துகொண்டிருந்த பையனிடம், இங்கே ஓர் ஊர் இருந்ததே என்றேன். "ஊரா? இங்கன எப்பவுமே உப்பளந்தான் ஆச்சி" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் தவித்தது. வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷமாகிறது. முத்தம்மை, கருப்பட்டிக் கடை முதலாளி, எல்லோரும் போய்விட்டார்கள். அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று என்னோடு சேர்ந்து சொல்ல இன்னும் ஒருத்தி இருக்கிறாள், இதே பாளையங்கோட்டையில் இரண்டு தெரு தள்ளித்தான். அவளோடுதான் எனக்குப் பேச்சில்லை.