ஒரே பெயரில் இரண்டு பேர்

தொண்ணூற்று நாலில் ஊர்காவற்றுறையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தேன்; தீவுச்சனம் அதைக் கந்தோர் என்பார்கள். தீவுகளின் குடும்ப விபரமெல்லாம் ஒரேயொரு கணினியில் இருந்தது. ஜெனரேற்றர் ஓடினால்தான் அதுவும் ஓடும். அதனால் எதையும் அவசரமாகவே செய்தோம்.

அனலைதீவில் ஒரு மீனவர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. புதிதாக ஒன்றும் பதியத் தேவையில்லை. இருக்கிற பதிவில் நிலையை மட்டும் மாற்றினால் போதும். என்னோடு வேலை செய்த அண்ணை குடும்ப இலக்கத்தைத் தேடாமல், பெயரைக் கொடுத்துக் கட்டளையை அடித்தார். புதுப் பட்டியல் அச்சாகித் தீவுகளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலைதான் கண்டேன். அதே பெயருள்ள எழுவைதீவுக்காரர் ஒருவரும் பதிவில் இறந்திருந்தார். முந்தின கிழமை அலுவலகத்துக்கு வந்து போனவர் அவர். அடுத்த பட்டியலில் திருத்தலாம் என்றார் அண்ணை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் இறங்குதுறைக்கு ஓடிப் படகேறினேன்.

எழுவைதீவில் அவருடைய மனைவி கரையில் நின்றார். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒட்டியிருந்த பட்டியலை யாரோ வாசித்துச் சொல்லியிருந்தார்கள். கணவரோ விடியமுன்னம் கடலுக்குப் போயிருந்தார்.

"எங்களுக்கு முதலே கந்தோருக்குத் தெரிஞ்சிட்டுதோ பிள்ளை?"

"இல்லை அக்கா, அது நாங்கள் விட்ட பிழை. அவருக்கு ஒண்டுமில்லை."

"நீர் கண்டனீரோ?"

இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. காற்று வேறு கடுமையாக இருந்தது. பட்டியல் பிழை என்பது எனக்குத் தெரியும். கடலைப் பற்றி என்ன தெரியும்? இருவரும் மணலில் நடந்தோம், நின்றோம், மறுபடி நடந்தோம்.

வெயில் சாய்ந்தபின் வள்ளம் வந்தது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு இறங்கிய கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா என்னிடம் திரும்பினார்.

"இப்ப போய் மாத்தும்."

அன்று திரும்பப் படகில்லை. அவர்கள் வீட்டிலேயே படுத்தேன், நித்திரை வரவில்லை. காலையில் அலுவலகம் போய், குடும்ப இலக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கட்டளையை அடித்தேன். ஒரேயொரு பதிவு மாறியதாகத் திரை காட்டியது.

சில நாட்களில் அனலைதீவிலிருந்து ஒரு பெண் வந்தார். இறந்துபோன மீனவரின் மனைவி. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"எழுவைதீவாருக்குப் பிழையாப் பதிஞ்சதெண்டு மாத்தினீங்களாம். என்ரை மனிசன்ரையையும் ஒருக்காப் பாரும்."

கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தவர் அவர். ஜெனரேற்றரைப் போடச் சொன்னேன். இலக்கத்தை அடித்து, அவருடைய கணவரின் பதிவைத் தேடி எடுத்தேன்.