மாசி மகத்துக்கு வந்த மாப்பிள்ளை

பதவி உயர்வு என்றார்கள். கூடவே திண்டிவனம் என்றார்கள். கோயமுத்தூரை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே தங்கியிராத எனக்கு அந்த இரண்டாவது செய்தி முதலாவதை விழுங்கிவிட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "வர்ற கண்காணிப்பாளர் வேலைய உட்டுப்போட்டு அப்பறம் ஏங்கிக்கிட்டு கெடப்பியாக்கும்" என்று பெட்டியைக் கட்டி வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அங்கே லேத் பட்டறை. அதைப் பெயர்த்துக்கொண்டு கூட வர முடியாது. மகள் ஏற்கெனவே வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். ஆக, இரண்டு பைகளோடு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

வந்த அன்றே திண்டிவனத்துக்கு முன்னாலேயே, கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டேன். இந்த பஸ் திண்டிவனத்துக்குள் போகாது, பைபாஸிலேயே போய்விடும் என்று பின்சீட்டில் யாரோ பேசியது காதில் விழுந்து, பதறியடித்துக் குதித்ததன் பலன். ரோட்டோரம் பழக்கடை, டீக்கடை, மயிலம் போகிற ஆட்டோக்கள். திண்டிவனம் எங்கே என்று டீக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னாமா, இங்க எறங்கிக்கினு திண்டிவனம் எங்கன்ற! அதோ வருது பாரு வண்டி, ஜல்தியா ஓடு" என்றாள்.

முன்பின் தெரியாதவள் ஒருமையில் பேசுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் சண்டை பிடிக்கும்போதுகூட ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அவளோ கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, என் கனத்த பையைத் தானே தூக்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று முடிவு செய்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

முதல் சில மாதங்கள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் உப்பு, வெயில் அதிகம், தோசைக்கு மாவு புளிக்கிற வேகம் அதைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் ஊரையே குறை சொன்னேன். இதை மாற்றியவர்கள் அலுவலகத்தில் என் பிரிவில் இருந்த இரண்டு பெண்கள். ஒருத்தி முகையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். விழுப்புரத்தில் வாக்கப்பட்டு, தினமும் ரயிலில் வந்துபோகிறவள். இன்னொருத்தி மரக்காணத்துக்கு அருகில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள்; திண்டிவனத்திலேயே குடியிருக்கிறாள். அலுவலகத்துக்குள் நான் அவர்களுக்கு 'மேடம்'. வாசல்படி தாண்டினால் 'யக்கா'. இந்த ஏற்பாட்டை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம ரூம்ல குந்திக்கினு இன்னா பண்றீங்க? வாங்க, மயிலம் போலாம்" என்று குப்பத்துக்காரி ஒருநாள் ஸ்கூட்டரோடு வந்து நின்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. மயிலம் மலை, செஞ்சிக் கோட்டை, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள். அந்தக் கல்மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க மாமியார் மனசும் இப்டிதான்" என்று முகையூர்க்காரி சொன்னதில் காவலாளிகூடச் சிரித்துவிட்டார். அவள் அப்பாவின் நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிற சமயம் போனோம். கொடியை உதறி, மண்ணோடு பச்சையாகவே தின்றோம். போதாதென்று பெரிய குண்டானில் வேகவைத்துக் கொடுத்தார்கள். நான் நிலக்கடலை என்று சொன்னதும் அது வேறு எதுவோ என்பதுபோலப் பார்த்தார்கள்.

ஒருமுறை திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனோம். அங்கே அம்மன் சந்நிதியில் ஒரு வட்டப்பாறை இருக்கிறது. அதன்முன் பொய் சொன்னால் விளங்காது என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் பயம். வழக்குகளையே அங்கே சத்தியம் வாங்கித் தீர்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என்னை அதன்முன் நிறுத்தி, "இப்ப சொல்லுங்கக்கா, எங்க ஊரு புடிச்சிருக்கா இல்லியா?" என்றார்கள். நான் மென்று விழுங்கினேன். "பாதி" என்றேன். "போவுது, பாதியாச்சும் தேறுச்சே" என்று விட்டுவிட்டார்கள்.

உண்மையில் அப்போதே முக்கால்வாசி பிடித்துப்போயிருந்தது. காரணம் மலையும் கோட்டையும் அல்ல. எங்கள் வீட்டில் மாமனார், மைத்துனர் குடும்பம் என்று எல்லோரும் சேர்ந்த சமையல். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற நாளைவிட இரண்டு மடங்கு வேலை. தோழிகளோடு எங்கேயாவது போவது என்பது கல்லூரியோடு முடிந்த விஷயம் என்றே நினைத்திருந்தேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை, எனக்கே தோன்றியதில்லை. இங்கே வந்து, ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து, தலைமுடி கலைந்தால் கலையட்டும் என்று போகும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்காரரிடம் போனில் சொல்லத் தயங்கினேன். அவர் அங்கே சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டபின் எடுத்துவைத்த சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. கோயமுத்தூர் அலுவலகத்தில் என் பதவிக்கே ஓர் இடம் காலியாகிறதாம். தெரிந்தவர் சொன்னாராம். சம்மதம் என்று திங்கட்கிழமைக்குள் நான் சொல்லிவிட்டால் போதும், கிடைத்துவிடும். "வந்துரலாம் புள்ளே" என்றார். வந்த நாளாக இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் "பார்க்கலாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் மாசி மகம். குப்பத்துக்காரி என்னையும் முகையூர்க்காரியையும் முன்கூட்டியே அழைத்திருந்தாள்; வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு உள்ளூர்ச் சாமிகளெல்லாம் டிராக்டரில் ஏறிக் கடலுக்கு வரும். மணலில் வரிசையாக நின்று தீர்த்தவாரி ஆகும். கட்டிக்கொடுத்த பெண்களும் மாப்பிள்ளைகளும் அன்று குப்பத்துக்கு வந்துவிடுவார்கள். கடலூரோ காசிமேடோ, எங்கே வாக்கப்பட்டிருந்தாலும் வந்தாக வேண்டும். முகையூர்க்காரியும் விழுப்புரத்திலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

என் வீட்டுக்காரர் கடல்மீனை நினைத்து வாயூற வந்தார். எங்கள் ஊருக்கு ஐஸ் பெட்டியில் வருகிற மீனைத்தான் அவர் தின்றிருக்கிறார். குப்பத்துக்காரியின் அம்மா இலையைப் போட்டு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், வடை, பாயசம் என்று வைத்தார். சாமிகள் கரையில் நிற்கும்போது அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டிலும் மீன் சட்டி ஏறாது. "மீனு நாளைக்கிதான் மாப்புள. இருந்து துன்னுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. "இருக்கட்டுங்க, சாம்பாரே நல்லா இருக்குதுங்க" என்று இவர் சாம்பாரை மூன்று தடவை வாங்கிக்கொண்டார். வாசலில் இலைக்கு வந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்து, "அந்தப் பக்கம் போங்க" என்றும் சொல்லிவிட்டார். "இன்னாடி இவுரு, ஆட்டுக்குட்டிய கூட வாங்க போங்கன்றாரு!" என்று அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். ஒரே கூட்டம். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு மேளம், ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஸ்பீக்கர். காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்று இவர் போனை முகையூர்க்காரியின் பையில் போட்டுவிட்டு அலைப்பக்கம் போனார். வெகுநேரமாகியும் வரவில்லை. நாங்கள் மூவரும் அலைக்கும் மணலுக்குமாக நடந்து தேடினோம். வெள்ளை வேட்டி கட்டிய எல்லா ஆண்களும் பின்பக்கத்திலிருந்து அவரைப்போலவே இருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கு நீச்சல் தெரியாது.

விழாப் பந்தலுக்கு ஓடினோம். மைக்கைப் பிடித்திருந்தவர், "பேரு சொல்லுமா" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கமில்லை. படிவம் படிவமாக எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. அலுவலகத்தில் முப்பது பேரை வேலை வாங்குகிற நான், முந்தானையைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். குப்பத்துக்காரியின் அம்மா பின்னாலேயே வந்திருந்தார். "பேரு எதுக்குடா? நம்ம ஊட்டு மாப்புளன்னு சொல்லு, போதும்" என்றார்.

மைக் பிடித்தவரும் அப்படியே சொல்லிவிட்டார்: "நம்ம குப்பத்து மாப்பிள்ளை எங்கிருந்தாலும் உடனடியாக விழாப் பந்தலுக்கு வரவும்."

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். ஒருவர் அல்ல, வரிசையாக வந்தார்கள். காசிமேட்டு மாப்பிள்ளை, கடலூர் மாப்பிள்ளை, புதிதாகக் கல்யாணமான ஒருவர், பேரன் பேத்தி எடுத்த ஒருவர், பாதி இலையில் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வந்த ஒருவர். சாயங்காலம் மாப்பிள்ளைகளுக்கு ஊர் சார்பாகத் துண்டு போடுவது வழக்கமாம். அதை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். "இன்னாபா இது, பேஜாராப் போச்சி. துண்டு இன்னும் வரவே இல்ல" என்று மைக் பிடித்தவர் தலையைச் சொறிந்தார். பந்தலே சிரித்தது. அத்தனை மாப்பிள்ளைகளிலும் என்னுடையவர் இல்லை.

அந்த அறிவிப்பு அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. விழுந்திருக்கும், அது தனக்கில்லை என்று இருந்திருப்பார். இந்தக் கரையில் தன்னை மாப்பிள்ளை என்று யார் கூப்பிடப் போகிறார்கள்! கூட்டேரிப்பட்டு ரோட்டில் நான் நின்றதுபோல அவர் இங்கே எங்கேயோ நிற்கிறார் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினேன். அவர் பெயரைச் சொன்னேன். ஒருமுறை சொன்னதும் வெட்கம் போய்விட்டது. இன்னும் இரண்டு முறை, ஊருக்கே கேட்கிற மாதிரி, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்துக் கூப்பிட்டேன். "நான் பந்தல்ல நிக்கிறேன், வாங்க" என்றேன்.

கட்டிவைத்த படகுகளின் பின்னாலிருந்து வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. செருப்பு கையில் இருந்தது. அங்கே யாரோ வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோழிகள் இரண்டு பேரும் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தார்கள். குப்பத்துக்காரியின் அம்மா யாருடைய தோளிலிருந்தோ ஒரு துண்டை உருவி அவருக்குப் போட்டுவிட்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மரக்காணத்து உப்பளம் தாண்டியது. பிறகு, "திங்கக்கெழம என்ன சொல்லப் போறே?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

"நாஞ் சொல்றதுன்னா வான்னுதான் சொல்லோணும். அதுக்குத்தான வந்தேன்." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "மைக்குல கூப்புட்டியே. நீதான்னு மொதல்ல எனக்குத் தெரியவே இல்ல. அந்த மாதிரி சத்தம் நம்மூட்டுல நாங் கேட்டதில்ல புள்ளே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லைங்க, வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் மனசு குளிர்ந்திருக்கும். சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

"இங்கயே இரு" என்றார். "ரிட்டயர் ஆற வரைக்கும்கூட இரு. நான் வந்து போறேன்."

திங்கட்கிழமை அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வருகிறார். நாங்கள் நான்கு பேராக எங்கேயாவது கிளம்பிவிடுகிறோம். மற்ற நாளில் அவர் அங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறார். அதைத் தெரிந்துகொண்டேதான் நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன்.