ஊட்டிக்குப் போன துண்டு

வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும், திருநெல்வேலி வெயிலை விட்டு மலைக்குக் குடிபோக நானும் மனைவியும் முடிவெடுத்தோம். தினமும் மரங்களுக்கிடையே நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஊட்டியா, கொடைக்கானலா என்பதுதான் பேச்சு.

இரண்டு ஊரிலும் வாடகை வீடு பார்த்தோம். ஊட்டி வீட்டு வாசலிலேயே ஒற்றையடிப் பாதை தொடங்கியது. நான் சொக்கிப்போனேன். மனைவியோ வீட்டுக்காரரிடம், "குளிக்கதுக்கு எங்க போவீங்க?" என்று கேட்டாள். பையில் எண்ணெயும் துண்டும் வேறு வைத்திருந்தாள். அவர் பெருமையாகக் குளியலறையைத் திறந்து கீசரைக் காட்டினார். கொடைக்கானலிலும் அதே கேள்வி, அதே கீசர்.

எனக்கு எரிச்சல். "இந்தக் குளிருல ஆறு, அருவின்னு தண்ணியில எறங்க முடியுமா?" என்றேன்.

"எறங்க முடியாத தண்ணிய வச்சி என்ன செய்ய?" என்றாள்.

துண்டு நனையாமலே ஊர் திரும்பினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போய்த் தாமிரபரணியில் இறங்கினோம். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது.

"காலையில அந்த அடிவாரம் வரைக்கும் நடங்க. வந்து இங்கன குளிங்க. வேற என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றாள்.

நான் இன்னொரு முழுக்குப் போட்டேன். தண்ணீர் அவ்வளவு சுகமாக இருந்தது.

படித்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருந்தது. அன்றைக்கே பேசி முடித்தோம். குடிவந்து சாமான்களை இறக்கும்போதுதான் உறைத்தது: அந்த வீட்டில் குளியலறை எங்கே இருக்கிறது என்றுகூட இருவரும் கேட்கவில்லை.