குண்டூசி அக்காவின் மணிக்கட்டு

திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அவரைக் குண்டூசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்ததும் நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மேசை முன்னால் நிற்பார். துணியின் அடி விளிம்பை மடித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டே போவார். அப்போது யார் எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

"அக்கா வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு, அப்புறமா வாங்க" என்று தையல்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

குண்டூசி ஒரு சாக்கு. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை கரைந்துகொண்டிருக்கும். பேசினாலோ விழுங்கினாலோ அது வீண்.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது எழுதிக்கொடுத்த வலி மாத்திரைகள், வலி போன பின்னும் அக்காவை விடவில்லை. அவை இல்லாமல் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது என்றாகிவிட்டது. மருந்துக் கடை கடையாக ஏறி இறங்கிப் பொய் சொல்லி வாங்கினார். கடைசியில் கணவர்தான் ஒரு சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் பழக்கத்துக்கு மாற்றாக அங்கே கொடுத்ததுதான் இந்தப் புப்ரெனார்பின் மாத்திரை. ஏக்கத்தை அடக்கும், ஆளைக் கிறங்க வைக்காது. மூன்று வருடமாக அக்கா ஒழுங்காக வேலைக்கு வருகிறார். விஷயம் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். அவரும் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் துணைக்கு இருப்பவள் நாத்தனார். அவள் காதில் விழுந்த சேதி சாயங்காலத்துக்குள் எல்லா உறவுக்காரர் வீட்டுக்கும் போய்விடும்.

அன்றைக்கு ஒரு திரையின் நீளம் சரியா என்று பார்க்க ஸ்டூலில் ஏறிக் கம்பியில் மாட்டினார். துணி காலைச் சுற்றியது. விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

மருத்துவமனையில் நர்ஸ், "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது, சேதி கேட்டு ஓடி வந்த நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இல்லைங்க" என்றார் அக்கா.

வலிக்கு ஊசி போட்டார்கள். வலி அசையவில்லை. இன்னொன்று போட்டார்கள்.

"உள்ள மருந்து இருந்துச்சா, வெறும் தண்ணியா?" என்று நாத்தனார் நர்ஸிடம் சண்டைக்குப் போனாள். "எங்க அண்ணி ஊசியோடயே குடும்பம் நடத்துறவங்க. அவங்களே துடிக்கிறாங்கன்னா பாருங்க."

டாக்டர் வந்து, அளவைக் கூட்டச் சொன்னார். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும் என்று மையத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதைவிட வேறொன்று அக்காவைப் பயமுறுத்தியது. கூட்டிப் போட்டால் பழைய சுகம் கிடைக்குமோ என்று மனதின் ஒரு மூலை ஆசையோடு காத்திருந்தது.

"நிறுத்துங்க டாக்டர்" என்றார். நாத்தனாரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வலி மருந்து போய் உட்கார வேண்டிய இடத்துல உங்க மாத்திரை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. லேசுல எழுந்திருக்காது. எங்க மருந்து வாசல்லயே நிக்குது."

"ஊசிக் காதுல முன்னாடியே நூல் கோத்திருக்கிற மாதிரி" என்றார் அக்கா.

"அதேதான். தெரியாம நாங்க ஏத்திக்கிட்டே போயிருந்தா மூச்சுக்கே ஆபத்து."

"அப்ப அந்த மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திடலாமே?" என்றாள் நாத்தனார். அக்காவும் அதைத்தான் நினைத்திருந்தார்.

"கூடாதும்மா. நிறுத்தினா பழைய ஏக்கம் திரும்பி வந்துடும். வலி மருந்து நல்லா ஏறின உடம்புல மறுபடி இதை வெச்சா, அதை ஒரேயடியாத் தள்ளிவிட்டுட்டு இது உட்காரும். வாந்தி, நடுக்கம்னு படுத்தி எடுத்துடும். மாத்திரை தொடரட்டும். ஒரே வேளையாப் போடுறதை மூணாப் பிரிச்சுக்கலாம், வலிக்கும் கொஞ்சம் உதவும். நாளைக்கு மணிக்கட்டுல ஆபரேஷன், அதுக்குக் கை மட்டும் மரத்துப்போக ஊசி போடுறோம். கூடவே சாதாரண வலி மாத்திரை. உங்க மையத்துக்கு நானே போன் பண்ணிப் பேசுறேன்."

டாக்டர் போன பிறகு நாத்தனார் அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா?"

"ஊருக்கே சொல்லியிருப்பேன்தான்." அவளுக்கே சிரிப்பு வந்தது. "இதைச் சொன்னா என் நாக்கு அழுகிடும், போதுமா?"

"சிரிக்க வைக்காதடி, கை வலிக்குது."

மறுநாள் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் மரத்துப்போன கைக்கு உணர்வு திரும்பியதும், டாக்டர் எச்சரித்திருந்தபடியே வலி வந்தது. அக்கா மாத்திரையில் அந்த வேளைக்கான பங்கை நாக்கடியில் வைத்துக்கொண்டார். பதில் பேச முடியாத அண்ணி கிடைத்த குஷியில், நாத்தனார் தன் மாமியாரைப் பற்றிய புகார்களை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நர்ஸ் வந்தபோது மாத்திரை கரைந்திருந்தது. "வலி எப்படி இருக்கு?"

"வலிக்குது. தாங்கிக்கலாம்."

"வேற ஏதாவது வேணுமா?"

அக்கா யோசித்துப் பார்த்தார். வலித்தது கைதான், பழைய ஏக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"வேற எதுவும் வேண்டாம். கத்தரிக்கோல் எப்பப் பிடிக்கலாம்?"

"முதல்ல விரலை ஆட்டுங்க, பாப்போம்."

கட்டுக்கு வெளியே தெரிந்த வீங்கிய விரல்களை அக்கா மெதுவாக ஆட்டினார். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக அசைந்தது.