வாசலில் உட்கார்ந்த வெயில்

"இன்றும் மழை. கம்பளி காயவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், அவளுக்கு முன்னால்." 1975ஆம் வருட நாட்குறிப்பில், ஆடி மாதம் மூன்றாம் வெள்ளியன்று எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு சொற்களின் கீழ் கோடும் இழுத்திருக்கிறேன்.

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் நானும் அவளும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தோம். நான் அங்கேயே பிறந்தவள். அவள் அதற்கு இரண்டு வருடம் முன்பு போடிமெட்டுக்குக் கீழேயிருந்து குடும்பத்தோடு ஏறி வந்தவள். படிப்பக ஆண்டு விழாவில் கவிதை ஒப்பிக்கும் பரிசு எப்போதும் எனக்குத்தான். ஆனால் தேயிலைக் காட்டில் எல்லாரும், "ஏ புள்ள, ஒரு பாட்டுச் சொல்லு" என்று கேட்பது அவளை. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போட்டியில் ஒரு கவிதையை ஒருவர்தான் சொல்லலாம். பெயரோடு முதல் வரியையும் படிப்பக நோட்டில் எழுத வேண்டும். அவள் பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு கவிதையைப் பார்த்து எழுதுவதைக் கண்டேன். அவள் எழுந்து போனதும், அதை ஒருமுறைகூட முழுதாகப் படிக்காமல், முதல் வரியை என் பெயருக்கு எதிரே எழுதிவிட்டேன்.

மறுநாள் அவள் நோட்டைப் பார்த்தாள். "அதையா எடுத்தீக அக்கா? நல்லாச் சொல்லுங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தேன். வெயில் வந்து வாசலில் உட்காருகிறது, எழுந்து போக மாட்டேன் என்கிறது. கவிதை அப்படிப் போகும். மாதக்கணக்கில் மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும் எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் ஏது? விழாவில் கைகளை விரித்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னேன்.

கீழ்நாட்டுப் பஞ்சத்தைக் கண்டு மலையேறியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதில் ஒருத்தி உரக்கக் கேட்டாள்: "ஏன்டி, வெயிலுக்கென்ன மாப்பிள்ளை அழைப்பா நடத்துற?"

கூட்டம் சிரித்தது. ஒரு சொல் பிசகாமல் முடித்தேன். முடித்த பிறகுதான் அது வறட்சியைப் பாடியது என்று உறைத்தது.

அவள் கன்றுக்குட்டியைப் பற்றி எட்டே வரி சொன்னாள். ஒருவரும் இருமக்கூட இல்லை. பரிசு அவளுக்கு.

திரும்பும் வழியில் கேட்டேன்: "வெயில் பாட்டை நீ எப்படிச் சொல்லியிருப்ப?"

"சொல்லியிருக்க மாட்டேங்க்கா. வச்சுக்கத்தான் எழுதுனேன். அதெல்லாம் எனக்கு வாயில வராது."

அந்தப் பதிலின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கிணறு வற்றி, உழவு மாடு இரண்டும் செத்த பிறகே அவள் குடும்பம் ஊரை விட்டது என்று பக்கத்து லயத்து வீடுகளில் பின்னால் சொன்னார்கள். அவளிடம் நான் கேட்டதில்லை. அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.