மூன்றாவது பிக்கப்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நண்பன் டேவிட் எனக்கென்றே ஒரு கிட்டார் செய்துகொடுத்தான். கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்தான் பிரச்சினை. சத்தம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு முறை மாற்ற வைத்தேன்.

மூன்றாவதை ஆவடியில், அவன் வீட்டு ஜன்னலில்லாத அறையில் வாசித்துப் பார்த்தேன். அதே மந்தம்.

"மட்டமான சரக்க மாட்டிட்டு என்னிய ஏமாத்துறியா மச்சான்?" என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

அப்போது அவன் மனைவி எட்டிப் பார்த்து, "வாசிக்கலன்னா ஆம்ப்ளிஃபயர நிறுத்துங்கண்ணா. உஸ்ஸுன்னு எரையுது, காது கூசுது" என்றாள்.

டேவிட் சுவிட்சை அணைத்தான். அவள் "அப்பாடா" என்றாள். எனக்கோ அணைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே அமைதி.

"இன்னா மச்சான், அது உனக்குக் கேக்கலியா?" என்றான் டேவிட். அவன் குரலில் கோபமே இல்லை. மூன்று பிக்கப்பிலும் இல்லாத மந்தம் என் காதில் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. அவனை ஏமாற்றுக்காரன் என்றுவிட்டு என்னால் எழுந்து போக முடியவில்லை.

மறுநாளும், என் காதைத் தின்ற அதே பிரஸ் மெஷின் முன்னால் நின்றேன். வேறு வேலை எனக்குத் தெரியாது. இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். பஞ்சையும் தாண்டி அந்த மெஷின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.