அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஈ.சி.ஆர். கூலி வேலைக்கு வெளிநாடு போய் யாரும் ஏமாந்துவிடக் கூடாது, அதனால் சில நாடுகளுக்குக் கிளம்பும்போது இவர்களை நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நல்ல எண்ணத்தில் போட்ட விதி என்பார்கள். அது என் அம்மாவின் மேல் வந்து விழும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்பக்கத் தெருவில். அப்பா கொத்தனார். பெருங்களத்தூரிலிருந்து மாடம்பாக்கம்வரை எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் "அது நான் பூசின சுவரு" என்று ஒன்றையாவது காட்டுவார். அம்மா பதினெட்டு வருஷம் சேலையூரில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் காய் நறுக்கினாள், அண்டா தேய்த்தாள். அப்பா இரண்டாம் வகுப்புவரை போனவர். அம்மா அதுவும் இல்லை. நான் எம்.காம். படித்தவள். கல்லூரியில் சேரும்போது, குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்று காட்டும் 'முதல் பட்டதாரி' சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தோம். அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இருக்கும் கர்வத்தை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

என் மகள் பிறந்த பிறகு அம்மா விடுதி வேலையை விட்டாள். நான் ஆபீஸ் போக வேண்டுமே. மகளுக்கு இப்போது ஆறு வயது, மகனுக்கு இரண்டு. இருவரையும் குளிப்பாட்டுவதிலிருந்து தூங்க வைப்பதுவரை அம்மாதான்.

போன கோடை விடுமுறையில் மலேசியா போகலாம் என்று என் கணவர் சொன்னார். எங்கள் இருவருக்குமே அதுதான் முதல் வெளிநாடு. "அத்தையும் மாமாவும் வந்தா பசங்கள பாத்துப்பாங்க. நாம கொஞ்சம் ஃப்ரீயா சுத்தலாம்" என்றார். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதைவிட மோசம், அதே வார்த்தையை அம்மாவிடம் நானே எடுத்துக்கொண்டு போனது.

"ஊரு சுத்தவா? நான் இன்னாத்துக்குடி? நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அம்மா.

"பசங்கள யாரு பாத்துப்பா?"

"அப்ப சரி. எத்தினி நாளு?"

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவைச் சம்மதிக்க வைக்க இது சுலபமான வழி என்று எனக்குத் தெரியும். அவளுக்குச் சேர வேண்டியதை அவளுக்குத் தெரியாமலேயே கொடுத்துவிடலாம் என்று ஒரு புத்திசாலித்தனம். எம்.காம். புத்தி.

பாஸ்போர்ட்டுகள் வந்தன. அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டதால் முத்திரை இல்லை. ஐம்பதுக்கு மேல் யாரும் கூலிக்குப் போகமாட்டார்கள் என்று யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அப்பா இன்றைக்கும் சாரம் ஏறுகிறார். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. அவளுடையதில் மட்டும் அந்த மூன்று எழுத்துகள். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈ.சி.ஆர்.னு போட்டிருக்கு. அத்தையை மகாபலிபுரம் வரைக்கும்தான் விடுவாங்கபோல" என்றார். மகாபலிபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அதே மூன்று எழுத்துகள்தானே. எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான். சுற்றுலா போகிறவர்களிடம் திரும்பி வரும் டிக்கெட் இருந்தால் போதும், பிரச்சினை வராது என்று எங்கோ படித்திருந்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் வரிசைக்கு வந்தபோது காலை ஒன்பது மணி. ஒரு கவுண்டரில் கணவரும் அப்பாவும் என் மகளும் போனார்கள். அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கவுண்டரில் அம்மா. அவளுக்குப் பின்னால், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டருகே, மகனைத் தூக்கிக்கொண்டு நான்.

கவுண்டரில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எங்க போற?"

"மலேசியா சார்."

"எதுக்கு?"

"கொயந்தைங்கள பாத்துக்க சார்."

"யார் குழந்தைங்க?"

அம்மா திரும்பி என்னைக் கைகாட்டினாள். "இவங்களுது சார். இவங்கதான் கூட்டினு போறாங்க."

இவங்க. இதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் நான் 'அடி', 'இவளே', கோபம் வந்தால் 'மூதேவி'. ஆனால் நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து, பேண்ட் சட்டை போட்ட வெளியாட்களுக்கு முன்னால் அம்மா என்னை 'அவங்க', 'இவங்க' என்றுதான் சொல்வாள். படித்த பெண்ணை ஆபீசர் முன்னால் 'அவ' என்றால் அவளுக்கு மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு. எத்தனையோ முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

"இங்க என்ன வேலை பண்ற?"

"மின்ன ஆஸ்டல்ல சார். இப்போ இவங்க வூட்லதான்."

"எவ்ளோ சம்பளம் தர்றாங்க?"

அம்மா சிரித்தாள். நல்ல பதில் சொல்கிறோம் என்ற சந்தோஷத்தில் சிரித்தாள். "அவங்க குடுத்தாலும் நான் வாங்குவனா சார்?"

அவர் பாஸ்போர்ட்டை மூடித் தனியாக வைத்தார். நான் கோட்டைத் தாண்டி முன்னால் போனேன். "மேடம், நீங்க பின்னாடி நில்லுங்க" என்றார். எனக்கு மேடம், நீங்க. அம்மாவுக்கு நீ. நானும் அம்மாவை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் என்னுடைய நீ அவள் மடியிலிருந்து வந்தது. இவருடையது எங்கிருந்து வந்தது?

"சார், அவங்க என் அம்மா."

"அவங்க அப்படிச் சொல்லலையே மேடம். சம்பளம் இல்லாம கூட்டிட்டுப் போறீங்கன்னுதான் சொல்றாங்க."

ஓரமாக ஒரு மேஜைக்கு எங்களைக் கொண்டு போனார்கள். மேலதிகாரி வர வேண்டுமாம். அந்தப் பக்கம் அப்பா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். "பாட்டிய போலீஸ் புடிச்சிட்டாங்களா தாத்தா?" என்று மகள் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

அப்போது எனக்கு வெறி பிடித்தது. திரும்பி வரும் டிக்கெட்டுகளையும் ஹோட்டல் ரசீதையும் மேஜையில் பரப்பினேன். என் பாஸ்போர்ட்டைத் திறந்து அம்மாவின் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். கத்தினேன். "சார், அவங்க படிக்காதவங்க. ஸ்கூல் வாசலை மிதிக்காதவங்க. உங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அவங்களுக்குத் தெரியாது. நான் எம்.காம். படிச்சிருக்கேன், என்கிட்ட கேளுங்க. படிக்காதவங்கன்னா என்ன வேணா கேப்பீங்களா?" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன்.

மேலதிகாரி ஒரு பெண். வந்ததும் காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு யாரும்மா?"

"எம்பொண்ணு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"அத யாரும் கேக்கலியேம்மா."

அந்த அம்மையார் கொஞ்சம் சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது. நின்றது ஐம்பது நிமிடம். முதல் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

விமானம் ஏறும் கேட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் நான் மறுபடி ஆரம்பித்தேன். புகார் எழுதப்போகிறேன், பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று. அம்மா மகனுக்குப் பால் புட்டியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "முடிச்சிட்டியா?"

"என்னம்மா?"

"அந்தாளு என்னைய வேலைக்காரின்னு நெனைச்சான். அது அவன் பொயப்பு, தெனம் நூறு பேரைப் பாக்குறான். நீ இன்னா சொன்ன? படிக்காதவ, படிக்காதவன்னு எத்தினி வாட்டி சொன்ன? அத்தினி பேரு நிக்கிற எடத்துல?"

"உனக்காகத்தான்மா பேசினேன்."

"எனக்குப் பேசத் தெரியாதாமே? பதினெட்டு வருசம் அந்த வார்டன்கிட்ட பேசி, அஞ்சு பொம்பளைங்க வேலை போவாம காப்பாத்துனவ யாரு? உங்கப்பனா?"

"ஏய், வுடு. பிளேன் ஏறசொல்ல இன்னா சண்டை" என்றார் அப்பா.

"நீ சும்மா கெட. நீதான் சுளுவா பூந்து அந்தாண்ட போய் நின்ன."

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த அதிகாரியின் மேல், விதியை எழுதியவர்கள் மேல், போனில் மூழ்கியிருந்த என் கணவர் மேல். கடைசியில் அம்மாவின் மேலும். கேட்ட கேள்விக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே இவளுக்கு? எப்படி வரும்? நானே அவளிடம் அப்படிச் சொல்லவில்லையே.

கோலாலம்பூரில் முதல் இரண்டு நாளும் அம்மா என்னைத் தண்டித்தாள். உயரமான கட்டடங்களுக்குப் போனால், கீழே பெஞ்சில் பேரனோடு உட்கார்ந்துகொண்டு "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன்" என்பாள். பறவைகள் பூங்காவில் பறவைகளைப் பார்க்காமல், பேத்தியின் ஷூ லேஸைப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டைத் தொடவில்லை. இதையெல்லாம் வீட்டிலும் செய்கிறவள்தான். ஆனால் இங்கே ஒவ்வொன்றையும் என் கண் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். என் கணவருக்கு எதுவும் உறைக்கவில்லை. "அத்தை வந்தது எவ்ளோ வசதியா இருக்கு பாரேன்" என்றார். அன்றைக்கு அவரிடம் நான் பேசவே இல்லை.

மூன்றாம் நாள் பத்துமலை முருகன் கோவில். செங்குத்தான படிகள், வெயில், மேலே குகை. டாக்சியிலிருந்து இறங்கியதும் அம்மா படிகளருகே நிற்கும் பெரிய முருகன் சிலையை அண்ணாந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு படிகளின் ஓரம் நிழல் பார்த்து உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனை என்னிடமிருந்து வாங்கக் கை நீட்டினாள்.

"நீங்க மேல போயிட்டு வாங்க."

"நீ போம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

"இவன் முழிச்சா அழுவான்."

"அழட்டும். என் புள்ளதானே."

"கீழ இருக்கேன்னு அத்தையே சொல்றாங்கல்ல, விடேன்" என்றார் என் கணவர்.

"நீங்களும் உக்காருங்க. நம்ம பசங்க. நாம பாத்துக்கலாம்" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "அப்ப நான் இன்னாத்துக்குடி வந்தேன்?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் கேட்டதும் இதைத்தான்.

"எதுக்கும் இல்ல. சும்மா வந்த."

"சும்மாவா?" கெட்ட வார்த்தையைக் கேட்டதுபோல முகத்தைச் சுளித்தாள்.

"ஆமா, சும்மா. ஊர் பாக்க வந்த. முருகனைப் பாக்க வந்த. உன்னை வேலைக்குக் கூட்டினு வந்தது என் தப்பு. அத்தனை பேர் முன்னாடி படிக்காதவன்னு கத்துனதும் என் தப்பு. இப்ப ஏறப்போறியா இல்லியா?"

மன்னிப்புக் கேட்கிற தொனி இது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு வேறு தொனி வரவில்லை. அம்மா எழுந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் தோளைத் தட்டி "எந்திரிய்யா" என்றாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

முப்பது நாற்பது படி போனதும் திரும்பினாள். "அவனுக்குத் தண்ணி குடுத்தியா?"

"நீ மேல பாத்து ஏறும்மா!"

"கத்தாதடி, போறேன்ல!" அங்கிருந்து அவளும் கத்தினாள். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் பயந்து ஒதுங்கினாள். அதன்பிறகு அம்மா திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எந்தப் புடவை அவளுடையது என்று எனக்குத் தெரியாமல் போனது.

மகன் விழித்தான், அழுதான், பாட்டி வேண்டும் என்று தரையில் புரண்டான். மகள் மாற்றுத் துணி இல்லாத நேரம் பார்த்துச் சாக்லேட் பாலைத் தன்மேல் கொட்டிக்கொண்டாள். எனக்கும் கணவருக்கும் இரண்டு முறை வாய்ச்சண்டை. பிள்ளைகளை என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. இரண்டு டிகிரிக்காரர்கள்.

அம்மா இறங்கி வர இரண்டு மணி நேரம் ஆனது. நெற்றி நிறைய விபூதி, கையில் பாதி குடித்த இளநீர். வந்ததும் மகனை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இளநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று என் கணவர் கேட்டார். "சும்மாத்தான்" என்றாள் அம்மா.